பெயருண்ணி: இடுப்பில் ஒரு பிள்ளை, மலைமேல் ஒரு பிள்ளை

மாயக்கதை விளையாட்டுகளில் அம்மாவுக்கு ஒதுக்கப்படும் இடம் பெரும்பாலும் முதல் அத்தியாயம். ஊர் எரியும், அவள் சாவாள், மகன் வாளை எடுப்பான். நம் கதைகளிலும் அவள் ஒன்று தெய்வம், இல்லாவிட்டால் பேய். பழையனூர் நீலி கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறாள். தென்மாவட்டத்து இசக்கி கையில் பிள்ளையோடு நிற்கிறாள். நல்லதங்காளோ ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் முடிகிறாள். புறநானூற்று 86-ஆம் பாட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு ‘உன் மகன் எங்கே’ என்று கேட்கிறவளுக்குத் தாய் வீட்டிலிருந்தே பதில் சொல்லிவிடுகிறாள். புலி கிடந்து போன கல்குகை தன் வயிறு, அவன் போர்க்களத்தில் இருப்பான் என்று. அவள் வாசலைத் தாண்டியிருந்தால் அங்கே விளையாட்டு தொடங்கியிருக்கும்.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது ‘பெயருண்ணி’ என்ற மாதிரி வடிவமைப்பு. தமிழில் எழுதி, பிரவுசரில் படித்து, செயல்களைத் தேர்ந்து விளையாடும் சிறிய எழுத்து விளையாட்டு. இதில் எந்த முடிவை ஏன் எடுக்கிறோம், எங்கே இடிக்கும், எத்தனை சொல் எழுத வேண்டியிருக்கும் என்பதைப் பார்க்கலாம். ஆட்டத்தின் விதிகளை மாற்றாமல், நாயகன் படத்துக்குப் பதில் சேலை கட்டிய படத்தை ஒட்டினால் அம்மா விளையாட்டு வந்துவிடாது. தாய்மை என்பது அவள் கையில் என்ன இருக்கிறது, எது காலியாக இல்லை என்பதில் தெரிய வேண்டும்.

இதைச் சொல் இல்லாமலே செய்து காட்டிய விளையாட்டு, ஸ்டாக்ஹோமின் மைட் அண்ட் டிலைட் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ‘ஷெல்டர்’. ஒரு தாய் வளைக்கரடி (பேட்ஜர்), ஐந்து குட்டிகள். இரை கிடைத்தால் வாயில் கவ்விக்கொண்டு போய் ஒரு குட்டிக்குக் கொடுக்க வேண்டும். பசித்த குட்டியின் நிறம் மங்கும். பசிக்கு எண்ணும் இல்லை, பட்டையும் இல்லை, வசனமும் இல்லை. வாய் ஒன்று, குட்டி ஐந்து என்ற கணக்கே கதையை நடத்திவிடுகிறது.

கதை

மலையடிவார ஊர். மலைமேல் பெயருண்ணி என்று ஒன்று இருக்கிறது. அது பிள்ளைகளின் பெயரைத் தின்னும், ஓர் இரவுக்கு ஓர் எழுத்து. எழுத்து போகப் போக ஊர் அந்தப் பிள்ளையை மறக்கும். கடைசி எழுத்தும் போனால் பிள்ளையே இருந்ததில்லை என்றாகிவிடும். மூத்த மகன் மலையில் சிக்கியிருக்கிறான். அம்மா, மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுகிறாள்.

கிராமத்தில் தலைப்பிள்ளை பிறந்தபின் அம்மாவை அவள் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, ‘செங்கோடன் அம்மா’தான். ஆகவே மகன் பெயரில் எழுத்து குறையும்போது அவளை அழைக்கும் சொல்லிலும் குறைகிறது. இந்த ஒன்றுக்காகவே இந்தக் கதையைத் தமிழில் செய்ய வேண்டும். வேறு மொழியில் எழுதினால் இதை விளக்க ஒரு பத்தி செலவாகும்.

பெயரைத் தேர்வது

பெயரை ஆடுபவரே தட்டச்சு செய்யட்டும் என்றுதான் முதலில் தோன்றும். அதைச் செய்யக் கூடாது. தமிழில் பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டும், ஒட்டும்போது பெயரின் கடைசி எழுத்தே மாறும். நிரலில் பெயர் நிற்கும் இடமான மாறியின் பின்னால் ‘ஐ’ என்று எழுதி வைத்தால் திரையில் ‘செங்கோடன்ஐ’ என்றுதான் வரும். விதி எழுதிச் சமாளிக்கலாம் என்று இறங்கினால் ‘முத்து’ வந்து நிற்பான். விதிப்படி ‘முத்தை’ என்றால் அது கடலில் எடுக்கிற முத்து, பையன் ‘முத்துவை’. எனவே பெயர்களை நாமே கொடுத்து, ஒவ்வொன்றின் வடிவங்களையும் அட்டவணையில் எழுதி வைத்துவிடுவது நல்லது. ஐந்து பெயர் போதும்.

எந்த ஐந்து என்பதில்தான் விளையாட்டின் முதுகெலும்பு இருக்கிறது. ‘செங்கோடன்’ என்பதை எழுத்தெழுத்தாகப் பிரித்தால் செ, ங், கோ, ட, ன். விளியில் அது ‘செங்கோடா’. அங்கே ‘ன்’ இல்லை. அதாவது பெயருண்ணி முதல் இரவில் ‘ன்’-ஐத் தின்றாலும், ஊரார் பெயர் வராமல் தடுமாறுவார்கள், அம்மா மட்டும் முழுசாகக் கூப்பிட முடியும். எட்டாம் வேற்றுமை அவளுக்கு ஒரு நாள் கூடுதலாகக் கொடுக்கிறது. ‘கயல்’, ‘நிலா’, ‘முத்து’ போன்ற பெயர்களுக்கு இந்த வசதி கிடையாது. ‘கயலே’ என்றால் கடைசி எழுத்து ‘லே’ என்று வேறு வேடத்தில் அங்கேயே இருக்கிறது. ஆகவே ஐந்து பெயரும் ‘அன்’ விகுதியில் முடிய வேண்டும். மூன்றெழுத்து மாறனுக்கும் ஆறெழுத்து அன்பரசனுக்கும் ஆட்டத்தின் நீளம் வேறுபட்டுவிடும், அதனால் எல்லாம் ஐந்தெழுத்தாகவும் இருக்க வேண்டும்.

இன்னொரு பொறி உண்டு. எழுத்துகள் போகும் வரிசை 5, 2, 1, 3, கடைசியாக 4. நாலாம் நாள் காலையில் விளியில் மிஞ்சியிருப்பது நாலாம் எழுத்து மட்டும். செங்கோடாவில் மிஞ்சுவது ‘டா’. கதிரவாவில் மிஞ்சுவது ‘வா’. பெயரெல்லாம் போனபின் அம்மாவின் வாயில் நிற்கும் சொல் ‘டா’ அல்லது ‘வா’ என்றால் அதற்கு மேல் வசனமே வேண்டாம். ஆனால் பூவரசனையும் குமரேசனையும் பட்டியலில் சேர்த்தால் அதே இடத்தில் ‘சா’ என்று நிற்கும்! மலையேறி வந்த தாய் மகனைப் பார்த்துக் கத்தும் கடைசிச் சொல் அதுவாக இருக்கக் கூடாது. இதையெல்லாம் வடிகட்டினால் தேறுபவை செங்கோடன், வெங்கடன், கதிரவன், வாசுதேவன், மகாதேவன்.

திரையின் மேல்பட்டையில் பெயர் கட்டங்களோடு தெரியும்: முதல் நாள் ‘செங்கோட□’, இரண்டாம் நாள் ‘செ□கோட□’, மூன்றாம் நாள் ‘□□கோட□’, நாலாம் நாள் ‘□□□ட□’. இதே கட்டத்தை வசனத்துக்குள்ளும் போடுவது தவறு. ‘செங்கோடனை’ என்பதில் ஐந்தாம் எழுத்து ‘னை’. அதை மறைத்தால் உருபும் சேர்ந்து மறைந்து, வாக்கியத்தில் யார் யாரைப் பார்த்தார் என்பது தெரியாமல் போகும். வசனத்தில் தடுமாற்றமாகவே எழுத வேண்டும்: “ஏ தாயி, ஒம் மவன்… செங்கோட… அவன நேத்து ஓடப்பக்கம் பாத்தேன்.” உருபை ‘அவன’ என்ற பிரதிப்பெயர் தாங்கிக்கொள்கிறது, மறதியும் காதில் கேட்கிறது.

பெயர் 5. ஒவ்வொன்றுக்கும் வடிவம் 5: எழுவாய், ‘ஐ’, ‘கு’, பேச்சில் வரும் ‘ஓட’, விளி. எழுத்து போன நிலைகள், முழுப்பெயரையும் சேர்த்து 5. மொத்தம் 125 சரம் (நிரலில் ஓர் எழுத்துத்தொடர்). நிரல் எழுதத் தெரியாதவர் ஒரு விரிதாளில் இதை ஒரே மாலையில் நிரப்பிவிடலாம். நிரல் தெரிந்தவர்களுக்கும் இதுவே நல்லது, ஏனென்றால் ‘செங்கோட… அவனுக்கு’ போன்றவற்றை விதியால் பிறப்பிக்க முடிந்தாலும் வாய்மொழிக்கு ஒத்துவருவது கையால் எழுதியதுதான்.

இடுப்பு, கை, தலை, முந்தானை

பை என்ற ஒன்று இந்த விளையாட்டில் இல்லை. பொருள் வைக்க ஐந்து இடம்: வலக்கை, இடக்கை, இடுப்பு, தலை, முந்தானை முடிச்சு. முடிச்சில் காசு, விபூதி, விதை மாதிரிச் சின்னப் பொருள் ஒன்று மட்டும். மகள் இடுப்பில் இருந்தால் அவளை அணைத்திருக்கும் இடக்கையும் பூட்டப்படும். தலையில் சுமை இருந்தால் குனிய முடியாது. அப்போது இடுப்பிலிருக்கும் பிள்ளையை வழுக்கி இறக்கலாம், கீழே நிற்பவளைத் தூக்க முடியாது. தலைச்சுமையைத் தனியாக இறக்கவும் முடியாது, ஒருவர் கைகொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சுமைதாங்கி வேண்டும்.

சுமைதாங்கி தெரியாத தலைமுறைக்கு: சாலையோரம் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடையாகப் போட்டு, தோளுயரத்தில் நிறுத்தியிருப்பார்கள். வழிப்போக்கர் யார் துணையும் இல்லாமல் சுமையை அதில் இறக்கி ஏற்றலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக இவற்றை நடுவது வழக்கம். இந்த விளையாட்டில் ஆட்டத்தைச் சேமிக்கும் இடம் அதுதான். கதையைச் சொல்வதும் அந்தக் கல்லுக்குரிய பெண்கள்தான்: “தாயி, நீ ஓடையைத் தாண்டிட்ட. இடுப்புல ஒம் மக தூங்குதா.” யார் கதைசொல்லி என்ற கேள்வி இதில் தீர்ந்துவிடுகிறது. ‘அவள் நடந்தாள்’ என்றால் தூரம் கூடுகிறது, ‘அம்மா நடந்தார்’ என்றால் பாடப்புத்தகம் ஆகிறது, ‘நான்’ என்றால் மறதியை அவளால் வெளியிலிருந்து பார்க்க முடியாது. இறந்த பெண்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள், அதனால் ஆட்டமும் சேமிக்கப்படுகிறது. காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது.

இனி எண்கள். ஆட்டம் 4 நாள், நாளுக்கு 7 கட்டம், கட்டத்துக்கு ஓர் இடம், ஆக 28 இடம். பகல் 30 நாழிகை (24 நிமிடம் ஒரு நாழிகை). ஒவ்வொரு நாளும் 3, 6-ஆம் இடங்களில் சுமைதாங்கி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு கட்டம் கடக்க 3 நாழிகை, களைப்பு 2 ஏறும். பிள்ளையை நடக்கவிட்டால் 5 நாழிகை, களைப்பு 1 இறங்கும். களைப்பு 10-ஐத் தொட்டால் இறக்கியே ஆக வேண்டும். இரவு தூங்கினால் களைப்பு பூச்சியம்.

நிழலில் உட்கார்ந்து எழுவதற்கு 2 நாழிகை, களைப்பு 3 இறங்கும் என்று வைத்துப் பாருங்கள். நியாயமாகத்தான் படும். கணக்குப் போட்டால் ஓட்டை தெரியும்: தூக்கிக்கொண்டு ஒரு கட்டம் போய் ஒரு முறை உட்கார்ந்தால் மொத்தம் 5 நாழிகை, களைப்பு 1 இறக்கம். பிள்ளையை நடக்கவிட்டாலும் 5 நாழிகை, களைப்பு 1 இறக்கம். இரண்டும் ஒன்றே. 7 கட்டமும் தூக்கி 2 முறை உட்கார்ந்தாலும், 5 தூக்கி 2 நடக்கவிட்டாலும், நாள் முடிவில் 25 நாழிகை, களைப்பு 8. ஆடுபவர் எதைத் தேர்ந்தாலும் ஒன்றும் மாறாது. சின்ன விளையாட்டுகள் பலவற்றில் ‘தேர்வு’ என்று இருப்பது இப்படிப்பட்ட போலித் தேர்வுதான், யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

உட்காருவதை 3 நாழிகை ஆக்கினால் முடிச்சு அவிழும். 2 முறை உட்கார்ந்து முழுநாளும் தூக்கினால் 27 நாழிகை, 5-க்கு 2 என்றால் 25, 4-க்கு 3 என்றால் 27, 3-க்கு 4 என்றால் 29. எண் மட்டும் மாறினால் போதாது, நடக்கும் பிள்ளை வேறு எதையாவது தர வேண்டும். அவள் உயரத்தில் தெரிபவை வேறு: புதருக்கடியில் நாவல்பழம், கல்லின் அடியில் செதுக்கிய எழுத்து, பாம்புச் சட்டை. அவள் நடக்கும்போது இடக்கை காலியாகிறது. அந்தக் கையில் ஒன்று இருக்கிறது, அதைப் பின்னால் பார்ப்போம்.

ஒரு நாளுக்கு ஒரு வேலை உண்டு, 3 நாழிகை. யாருக்காவது விறகோ தண்ணீரோ தலையில் சுமந்து 1-இலிருந்து 3-ஆம் இடத்துக்கோ 4-இலிருந்து 6-க்கோ கொண்டு சேர்த்தால் பிள்ளைக்குச் சோறு கிடைக்கும். வேலை சுமைதாங்கியில்தான் முடிய வேண்டும். வேறு இடத்தில் முடிய வைத்தால், இறக்க ஆளில்லாமல், பிள்ளையைத் தூக்கவும் முடியாமல் ஆட்டம் நடுவழியில் நின்றுவிடும். சோறு இல்லாவிட்டால் மறுநாள் பிள்ளை நடக்கும் ஒவ்வொரு கட்டமும் 6 நாழிகை.

‘கூப்பிடு’ என்பதும் ஒரு செயல், 1 நாழிகை. மலையைப் பார்த்து மகனை அழைப்பது. பலன் உடனே தெரியாவிட்டால் இரண்டாம் நாளே ஆடுபவர் இதை விட்டுவிடுவார். அதனால் எதிரொலி திரும்பி வர வேண்டும். இருக்கும் எழுத்துகளோடு, அடுத்த இடத்தைப் பற்றிய ஒரு வரியோடு.

நான்கு முடிவு

முதலாவது, நாலாம் நாள் இருட்டுவதற்குள் போய்ச் சேராதது. இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அம்மா ஒரு பிள்ளையோடு மலையிலிருந்து இறங்குகிறாள், ஏன் ஏறினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டாவது, தியாகம். பெயருண்ணி ‘உன் பெயரைக் கொடு, அவன் பெயரைத் தருகிறேன்’ என்கிறது. நல்லதங்காள் கதை கேட்டு வளர்ந்த கை தானாக இந்தப் பொத்தானுக்குப் போகும். எழுதுபவர் கையும் போகும்: பெரிய எழுத்து, இசை, கண்ணீர். இங்கே அதற்கு நேர்மாறாக எழுத வேண்டும். அவள் பெயரைக் கொடுத்துவிட்டு மகனோடு ஊர் திரும்புகிறாள். எல்லோரும் முன்போலவே ‘செங்கோடன் அம்மா’ என்கிறார்கள். எந்த மாற்றமும் இல்லை. அவள் பெயர் போனதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் அது முன்பும் தெரியாது. தட்டையான நடையில், இசை இல்லாமல் 400 சொல். கொடுமை அந்தத் தட்டையில்தான் இருக்கிறது.

இந்தப் பேரம் பேசவே அவள் பெயர் ஆடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது அவள் இடது முன்கையில் பச்சை குத்தியிருக்கிறது, கல்யாணத்துக்கு முன் அவள் அம்மா குத்திவிட்டது. மகளை இடுப்பிலேயே வைத்திருந்தால் அந்தக் கை பிள்ளையின் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். இறக்கிவிட்டு ஓடையில் கை கழுவினால்தான் தெரியும். மூன்றாம் நாள் சுமைதாங்கியில் ஒரு குரல் கேட்கும்: “ஒம் பேரு என்ன தாயி?” தெரியாதவருக்குக் கிடைக்கும் ஒரே பதில், “செங்கோட… அவன் அம்மா.”

மூன்றாவது, விளி. பெயருண்ணி தின்பது பெயரை. கூப்பிடுவது பெயர் கிடையாது. நாலு நாளும் தவறாமல் கூப்பிட்டிருந்தால், கடைசியில் மிஞ்சிய ‘டா’வே அவனைக் கொண்டுவரும்.

நான்காவது, தங்கை. அவள் 10 கட்டமாவது நடந்து வந்திருந்தால், உச்சியில் ‘அண்ணா’ என்பாள். அதுவும் பெயர் கிடையாது, உறவு. அண்ணன் விளியில் தன் ‘ன்’-ஐத் தானே விட்டுவிட்டுத்தான் வருகிறான்.

ஏன் 10? வேலையும் செய்து 30 நாழிகைக்குள் முடிக்க வேண்டுமானால் ஒரு நாளில் 3 கட்டம்தான் நடக்கவிட முடியும் (27-உம் 3-உம் 30). 4 நாளுக்கு 12. வாசலை 12-இல் வைத்தால் ஒரு தப்பு செய்தாலும் கதவு மூடிவிடும். 8-இல் வைத்தால் நாளுக்கு 2, யோசிக்காமலே கிடைத்துவிடும். 10 நடுவில் நிற்கிறது. இதில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது: வேலை 3, கூப்பிடுதல் 1 இரண்டையும் தினமும் செய்தால் நடைக்கு 26 நாழிகைதான் மிஞ்சும், அதில் 2 கட்டத்துக்கு மேல் நடக்கவிட முடியாது, மொத்தம் 8. அதாவது பிள்ளைக்குச் சோறும் போட்டு, மகனையும் தினம் அழைத்து, மகளையும் 10 கட்டம் நடத்திவிட முடியாது. மூன்றில் ஒன்று குறையும். வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது, ‘சரிசெய்ய’ வேண்டாம்.

கட்டுவது

முதலில் தாளில். 28 அட்டை, நாளுக்கு 30 புளியங்கொட்டை, களைப்புக்கு 10 சோழி. இரண்டு மணி நேரத்தில் முழு ஆட்டமும் கையால் ஓடிவிடும். மேலே சொன்ன போலித் தேர்வு மாதிரி ஓட்டைகள் இங்கேதான் பிடிபட வேண்டும், நிரலில் பிடிபட்டால் செலவு அதிகம்.

எழுத்தின் அளவு: 28 இடத்துக்குச் சராசரி 250 சொல், 7,000. தூக்கி வந்தால் ஒன்று, நடந்து வந்தால் ஒன்று என்று இடத்துக்கு 60 சொல் வீதம் இரண்டு மாற்று, 3,360. சுமைதாங்கி 8, தலா 120, ஆக 960. முடிவு 4, தலா 400, ஆக 1,600. மொத்தம் 12,920 சொல். ஒரு முறை ஆடுபவர் படிப்பது 10,040. ஒரு நாளைக்கு 500 சொல் எழுதுபவருக்கு 26 நாள் வேலை. இடத்துக்கு மூன்றாவது மாற்று சேர்க்க ஆசை வரும். அது 1,680 சொல்லைக் கூட்டும், பெரும்பாலோர் கண்ணில் படாது.

கருவிக்கு, கிளைக்கும் கதைகளை எழுதுவதற்கான இங்க் மொழி பொருந்தும். இன்கில் என்ற விளையாட்டு நிறுவனம் தன் விளையாட்டுகளுக்காக உருவாக்கி 2016-இல் திறந்த மூலமாக வெளியிட்டது. இங்கி என்ற எடிட்டரில் எழுதி, நேராக இணையத்துக்கான கோப்புகளாக ஏற்றுமதி செய்யலாம். தமிழில் எழுதுபவர் கவனிக்க வேண்டியவை சில. மாறிகள், முடிச்சுகள் (இங்கில் கதையின் பகுதிகள்) ஆகியவற்றின் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைப்பது பாதுகாப்பு. வரியின் தொடக்கத்தில் இடைக்கோடு போட்டு வசனம் எழுதும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இங்க் அதைக் கிளைகளைச் சேர்க்கும் குறியாக எடுத்துக்கொண்டு கோட்டை விழுங்கிவிடும். சரத்துக்குள் மூன்றாம் எழுத்தை எடு என்று கேட்கவும் இங்கில் வழியில்லை. 125 சர அட்டவணைக்கு அதுவும் ஒரு காரணம்.

பிரவுசரைத் தேர்வதற்குக் காரணம் எழுத்து திரையில் அமையும் விதம். தமிழில் ‘கெ’ என்பது கணினிக்குள் ‘க’ முதலில், கொம்பு பின்னால் என்றுதான் இருக்கும். திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவது வடிவமைக்கும் நிரலின் வேலை. பிரவுசர்கள் அதைச் சரியாகச் செய்கின்றன, கோடோ என்ற விளையாட்டு எஞ்சினும் 4-ஆம் பதிப்பிலிருந்து செய்கிறது. யூனிட்டி எஞ்சினில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ தானாகச் செய்வதில்லை. எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் கொம்பு தவறான பக்கமே நிற்கும், குறை எழுத்துருவில் இல்லை. அழகான மலைக்காட்சியை யூனிட்டியில் முடித்துவிட்டு வசனம் வைக்கும்போது இதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. முதல் நாளே ‘கொக்கு கெண்டையைத் தேடிப் போனது’ மாதிரி ஒரு வரியை ஓடவிட்டுப் பாருங்கள்.

எழுத்து ஒவ்வொன்றாகத் தோன்றும் விளைவு வேண்டும் என்றாலும், மேல்பட்டையில் எழுத்தை மறைப்பதை நிரலால் செய்வதானாலும், இன்னொரு குழி இருக்கிறது. ‘செங்கோடன்’ நமக்கு 5 எழுத்து, யூனிக்கோடுக்கு 9 குறி. கதிரவன் 7, வெங்கடன் 8. எண்ணை நம்பி இரண்டாவதைத் தின்னச் சொன்னால் ‘செ’யின் கொம்பு போய் ‘சங்கோடன்’ வரும். எழுத்துக்குப் பதில் மெய்யை மட்டும் தின்றுவிட்டால், அனாதையான கொம்பு புள்ளிவட்டத்தோடு நிற்கும். ஜாவாஸ்கிரிப்டின் செக்மென்டர் வசதி இதைச் சரியாகப் பிரிக்கும். அது இல்லாத பழைய பிரவுசருக்கு எளிய விதி போதும்: யூனிக்கோடு எண் 3006 முதல் 3021 வரை உள்ளதும் 3031-உம் தனியே நிற்காது, முன்னால் உள்ளதோடு சேரும். அதற்கு முன் சரத்தை என்எஃப்சி என்ற ஒருமித்த யூனிக்கோடு வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ‘கோ’வின் குறியைச் சில விசைப்பலகைகள் ஒன்றாகவும் (3019) சில இரண்டாகவும் (3015, 3006) தருகின்றன, கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஒப்பிடும் நிரலுக்கு வேறு. கிரந்தப் பெயர் சேர்ப்பவர்களுக்கு: ‘க்ஷ’ இரண்டாகப் பிரியும்.

மறைத்த எழுத்தை நிறமில்லாமல் அங்கேயே வைத்துவிடுவது சுலபமான தந்திரம், அகலமும் குதிக்காது. ஆனால் பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் அதை முழுப்பெயராகப் படித்துவிடும், நகலெடுத்தாலும் வரும். கட்டத்தையே போட்டு, வாசிப்பானுக்கு ‘எழுத்து போயிற்று’ என்ற சொல்லைக் கொடுங்கள். சேமிப்பில் மறைத்த சரத்தை வைக்காமல், எந்தெந்த எழுத்து போனது என்ற எண்களை மட்டும் வைக்க வேண்டும். அட்டவணையில் ஒரு பிழையைப் பின்னால் திருத்தினால் பழைய சேமிப்பும் திருந்தும்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், விளையாட்டோடு சேர்த்தே அனுப்பலாம். வரி இடைவெளி எழுத்தளவைப் போல 1.7 மடங்கு இருந்தால் மேல்வரியின் உகரக் கால்கள் கீழ்வரியின் இகர விசிறிகளோடு மோதாது. ஏற்றுமதியான கோப்புறையை ஜிப் ஆக்கி சிறு விளையாட்டுகளை வெளியிடும் இட்ச்.ஐஓ தளத்தில் ஏற்றி, பிரவுசரிலேயே ஆடலாம் என்ற தேர்வை இட்டால் முடிந்தது. முகப்புக் கோப்பு ஜிப்பின் மேல்மட்டத்தில் இருக்கட்டும், உள்கோப்புறையில் மாட்டிக்கொள்ள விடாதீர்கள்.

கடைசிச் சோதனை காதால். அருகில் பெரியவர் ஒருவரை உட்காரவைத்து 28 இடத்து வசனங்களையும் சத்தமாகப் படியுங்கள். மகள் அம்மாவை எல்லா இடத்திலும் ‘நீ’ என்கிறாளா, வழியில் வரும் கிழவி ‘தாயி’ என்று தொடங்கி மூன்றாம் வரியில் ‘நீங்கள்’ என்று மாறிவிட்டாளா என்பது கண்ணுக்குத் தப்பும். நாலாம் நாள் உச்சியில் ‘டா’ என்ற ஒற்றை எழுத்தைப் படிக்கும்போது பெரியவர் சிரித்துவிட்டால், அதற்கு முந்தைய இடத்தில் எங்கோ சொல் அதிகமாகிவிட்டது. முதலில் எதிரொலி வரிகளைக் குறையுங்கள்.